தாய்மாமன் பலகை

வெங்கடேஸ்வரிக்கு ஆம்பளைகள் மேல் பெரிய மதிப்பு எதுவும் கிடையாது. காரணம் இல்லாமல் இல்லை. வரிசையாகவே சொல்லலாம்.

முதல் காரணம் முத்துக்குமரன், தாலி கட்டின புருஷன். நிறையப் படித்த மாப்பிள்ளை என்று சொல்லித்தான் கட்டி வைத்தார்கள். படித்தவன்தான். கல்யாணமான மறுநாளிலிருந்து கட்டிலில் படுத்தபடியே போனில் பங்குச் சந்தையைப் படித்துக்கொண்டிருந்தான். பிள்ளை பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க சார்ஜ் போட பிளக் எங்க இருக்கு?" என்று நர்ஸிடம் கேட்டான். விவாகரத்துத் தீர்ப்பு அன்று கோர்ட் வாசலில் அழுதான். அந்த அழுகையையாவது முழுசாக அழுதானா என்றால் அதுவும் இல்லை. நடுவில் போன் வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பேசப் போய்விட்டான்.

இரண்டாவது, அண்ணன் சங்கரலிங்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை. ஒரு தூக்குவாளி வாங்கப் போகிறவர்களுக்கு மகளை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம், மருமகனிடம் எப்படிப் பேசலாம் என்று அரை மணி நேரம் பாடம் நடத்துவான். அதற்குப் பயந்தே பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். அவன் வீட்டுக் காரியம் எதையும் அவன் முடிவு செய்ததில்லை. எல்லாம் மதினி செல்வலட்சுமி முடிவு செய்வாள், இவன் சத்தமாக அறிவிப்பான்.

மூன்றாவது, அவள் வேலை பார்த்த ராஜபாளையத்து மில்லின் மேனேஜர். வெங்கடேஸ்வரி அங்கே நூலின் தரம் பார்க்கிற லேபில் சூப்பர்வைசர். மில்லில் பிள்ளைகள் காப்பகம் என்று ஓர் அறை உண்டு. சுவரில் யானை, முயல் எல்லாம் வரைந்திருக்கும். ஆபீஸர்கள் பார்வையிட வருகிற நாளில் மட்டும் பூட்டைத் திறந்து, யாருடைய பிள்ளையையாவது இரவல் வாங்கி யானைக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். அவள் மகள் மிருதுளாவைக்கூட ஒருதரம் கேட்டார்கள். "என் பிள்ளைக்கு நடிக்க வராது சார்" என்று சொல்லிவிட்டாள்.

நாலாவதாக மாரிசாமி வந்து சேர்ந்தபோது அவனையும் அதே வரிசையில், கடைசியில், நிறுத்தி வைத்தாள்.

மாரிசாமிக்குச் சொந்த ஊர் சேத்தூர். பட்டாளத்தில் சமையல் பிரிவில் இருந்துவிட்டு, பென்ஷன் வாங்கிக்கொண்டு, நாற்பதைத் தொடாத வயசில் ஊர் திரும்பியவன். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்த்து வைக்கும்போதெல்லாம் லீவு கிடைக்கவில்லை, லீவு கிடைத்தபோதெல்லாம் பெண் வேறு இடத்தில் முடிந்துவிட்டது. ராஜபாளையத்தில் அக்காள் செல்லக்கனி வீட்டில் வந்து தங்கினான். அந்த வீட்டுக்கு எதிர்வீடுதான் வெங்கடேஸ்வரி வாடகைக்கு இருந்த வீடு. மில்லுக்குப் போகிற நேரத்தில் மிருதுளாவைச் செல்லக்கனியிடம் விட்டுவிட்டுப் போவாள், மாசம் ஆனால் கூலி கொடுப்பாள். பேருக்குத்தான் செல்லக்கனி பிள்ளை பார்த்தாள். உள்ளபடிக்கு அவள் பார்த்தது சீரியல். பிள்ளையைப் பார்த்தது தம்பி.

செல்லக்கனி தன் மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் கிளம்பிப் போன அன்றுதான் இந்த உண்மை வெளியே வந்தது. வேறு ஆள் தேடலாம் என்று வெங்கடேஸ்வரி வாசலுக்கு வந்தால், மிருதுளா மாரிசாமியின் முதுகில் ஏறி உட்கார்ந்து, அவன் காதைப் பிடித்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா இல்லேன்னா என்ன? நான் பாத்துக்கிடுதேன் மேடம். இம்புட்டு நாளும் நான்தான பாத்தேன்?" என்றான்.

"உங்களுக்கு வேற வேலை எதுவும் கிடைக்கலையாண்ணே?"

"கிடைச்சுது. பேங்க் வாசல்ல துப்பாக்கியோட நிக்கணும்னாங்க. அங்க ஒருத்தரும் முதுகுல ஏற மாட்டாங்க."

இவனும் ஒரு ஆம்பளையா என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் மறுநாள் காலை ஷிப்ட். சரி என்றாள்.

தெரு விடுமா? மூன்றாம் வீட்டுக் குருவம்மாள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "நாட்டைக் காக்கப் போன ஆளு நம்ம தெருவுல பீத்துணி அலசுதான் பாருங்க! துப்பாக்கி பிடிச்ச கை!"

"துப்பாக்கி எங்க பிடிச்சேன் அக்கா? கரண்டிதான பிடிச்சேன்" என்று மாரிசாமி துணியைப் பிழிந்துகொண்டே பதில் சொன்னான். அவனுக்குக் கோபம் வந்தால் தொடர்ந்து பேசலாம் என்று காத்திருந்த குருவம்மாளுக்கு ஏமாற்றமாகப் போயிற்று.

வெங்கடேஸ்வரிக்கும் அவனிடம் குறைகள் இருந்தன. மத்தியானம் பிள்ளையைத் தூங்க வைக்கிறேன் என்று படுத்துத் தானும் தூங்கி, ஊருக்குக் கேட்கக் குறட்டை விட்டான். பிள்ளைக்கு ஜடை போடத் தெரியாமல், தலைமுடி முழுவதையும் திரட்டி உச்சியில் ஒரு கயிற்று முடிச்சுப் போட்டு வைத்தான். சுண்டைக்காயைச் சின்னக் கத்தரிக்காய் என்று பொய் சொல்லி ஊட்டினான். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது மிருதுளா தட்டில் டீயை ஊற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு வயசுகூட ஆகாத பிள்ளைக்கு டீயா?"

"அது டீ இல்ல மேடம், டீ கலர்ல பால்."

"அந்தக் கலர் எங்கருந்து வந்துச்சு?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "டீயிலருந்துதான்" என்றான்.

வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டான். முடிந்ததும், "உங்களுக்கும் ஒரு கிளாஸ் போடட்டுமா? இது நிஜ டீ" என்றான். குடித்துப் பார்த்தாள், நன்றாக இருந்தது. அதற்காகவும் அவன் மேல் எரிச்சல் வந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஒருநாள் மத்தியானம் மாரிசாமி பைக்கில் மிருதுளாவை வைத்துக்கொண்டு மில் வாசலுக்கே வந்து நின்றான். அம்மாவைப் பார்த்தால்தான் சாப்பிடுவேன் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்ததாம். வெங்கடேஸ்வரி தலையெல்லாம் பஞ்சுத் துகளோடு வெளியே வந்து, வேப்ப மரத்தடியில் நின்று பிள்ளைக்குத் தயிர்சோறு ஊட்டினாள். மாரிசாமி தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த நேரம் பார்த்து மேனேஜர் காரை விட்டு இறங்கினார்.

"என்னம்மா, வீட்டுக்காரரா?"

"இல்ல சார். பாப்பாவைப் பாத்துக்கிடுத ஆளு."

"அட! ஆம்பளை ஆயாவா?" என்று மேனேஜர் சிரித்தார். கூட வந்த கிளார்க்கைப் பார்த்தார். பார்த்துவிட்டாரே என்று கிளார்க்கும் சிரித்தார்.

"ஆமா சார். நம்ம காப்பகத்து யானை லீவுல இருக்குல்ல, அதான்" என்றாள் வெங்கடேஸ்வரி.

மேனேஜர் சிரிப்பைப் பாதியில் விழுங்கிக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டாள். "அந்த மனுசன் அப்படிச் சிரிச்சாரே, உங்களுக்குக் கோவமே வரலையா?"

"எப்ப சிரிச்சாரு?" என்றான் மாரிசாமி. "ஓ, அதுவா? அவரு சட்டையில வயித்துக்கிட்ட ஒரு பொத்தான் தெறிக்கவா வேண்டாமான்னு நின்னுச்சு. இன்னொருக்க சிரிச்சாருன்னா விழுந்துரும். நானும் பாப்பாவும் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தோம். நீங்க நடுவுல பேசிக் கெடுத்துட்டீங்க."

வெங்கடேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்துப் பார்த்திராத மிருதுளா பயந்துபோய், "மாரி, அம்மாவுக்கு என்னாச்சு?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து ஒரு கஷ்டம் ஆரம்பமாயிற்று. அதுவரைக்கும் அவனை 'அண்ணே' என்று கூப்பிட்டு வந்தவளுக்கு, அந்த வார்த்தை தொண்டையில் நின்றுகொண்டது. பேர் சொல்லிக் கூப்பிட வயசு இடம் தரவில்லை. 'சார்' என்றால் அவனுக்கே சிரிப்பு வந்துவிடும். கடைசியில், "இந்தா பாருங்க", "ஏங்க, அந்தக் குடையை எடுங்க" என்று மொட்டையாகக் கூப்பிட ஆரம்பித்தாள். பொண்டாட்டிமார் புருஷனைக் கூப்பிடுகிற விதம் அதுதான் என்பது அவள் மண்டைக்கு எட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்த மதினிக்கு உடனே எட்டிவிட்டது.

"முன்னால அண்ணேன்னுல்ல சொல்லுவ? இப்ப என்னட்டி ஏங்க, ஓங்கன்னு இழுக்க?"

"வாய் வலிக்கு மதினி. 'ண்ணே'ன்னு நாக்கை மடக்க முடியல" என்றாள்.

மதினி ஊருக்குப் போய்ச் சேர்ந்த மறுவாரமே சங்கரலிங்கம் மாப்பிள்ளை பார்த்துவிட்டான்.

மாப்பிள்ளை பேர் நவநீதகிருஷ்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாகக் கல்யாண மண்டபம் வைத்திருந்தார். முதல் மனைவி தவறிவிட்டாள். சங்கரலிங்கத்தின் வீட்டு ஹாலில் பால்கோவாத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், வெங்கடேஸ்வரி முகத்தைப் பார்த்ததைவிட மின்விசிறியைப் பார்த்ததுதான் அதிகம். பிள்ளை பேர் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நம்ம ஹால் இப்ப முழுக்க ஏ.சி. ரூம் எல்லாம் அட்டாச்டு. ரெண்டு முகூர்த்தம் சேர்ந்தாப்புல வந்தாக்கூடச் சமாளிச்சிருவோம்" என்றார். "பாப்பாவை மட்டும் வெளியூர்ல ஒரு நல்ல ஹாஸ்டல்ல போட்டுருவோம்."

"இந்த வயசுல எந்த ஹாஸ்டல்ல சேப்பாங்க?"

"சொல்றவங்க சொன்னா சேப்பாங்க."

"அம்புட்டுச் செல்வாக்கு இருக்குன்னா நீங்க போய் ஒரு ஹாஸ்டல்ல சேர்ந்துக்கிடுங்க. மண்டபத்துல ஒரு ரூம் மிச்சமாகும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

சங்கரலிங்கம் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே வந்து கத்தினான். "நாலு பேரு என்ன பேசுதான்னு தெரியுமாட்டி உனக்கு? ஒரு பட்டாளத்தான் பொழுதன்னைக்கும் உன் வீட்டுல கிடக்கான். நம்ம ஆளும் கிடையாது. என் முகத்துல கரியைப் பூசாத! உன் மகளுக்கு காதுகுத்துன்னு சொல்லிட்டு என் வாசப்படி ஏறுவேல்ல, அப்பப் பாத்துக்கிடுதேன்!"

அங்கேதான் அவன் பிடி இருந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். குலதெய்வக் கோயிலில் பிள்ளைக்கு மொட்டை போட்டு, தாய்மாமன் பலகையில் உட்கார்ந்து, அவன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் வரவில்லை என்றால், அல்லது தன் இடத்தில் வேறு ஆளை உட்காரச் சொல்லவில்லை என்றால், அந்தக் காரியம் நடக்காது. மிருதுளாவோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் தொங்கட்டானைப் பார்த்துவிட்டு, முருங்கைப் பூவைக் காதில் செருகிக்கொண்டு திரிந்தாள். வெங்கடேஸ்வரி பல தடவை அண்ணனிடம் கேட்டுப் பார்த்துவிட்டாள். வைகாசி என்பான், ஆவணி என்பான், கடையில் சரக்கு இறங்குகிறது என்பான்.

அப்பேர்ப்பட்ட சங்கரலிங்கம் ஒரு சனிக்கிழமை தானாகவே போன் பண்ணினான். குரலில் பாகு ஒழுகியது.

"வெங்கடேசு, கோவத்துல ஏதோ பேசிட்டேன். காதுகுத்தை வாற வாரம் வச்சுக்கிடுவோம். எனக்குத்தான் இடுப்பு வலி, பலகையில உக்கார முடியாது. ஒண்ணு செய்யேன். பிள்ளையை வளக்குத அந்தத் தம்பியையே உக்காரச் சொல்லு. தாய்மாமன் வர முடியாத வீட்டுல பழகின ஆளுக உக்காருறது உண்டுதான? சாமி முன்னால, சாதிசனம் முன்னால உக்காந்துட்டா அவன் உனக்கு அண்ணன் முறை ஆயிருவான். பேசுற வாயும் அடங்கிரும். பிள்ளையும் அவன் மடின்னா அழாது."

அவனுக்கு இவ்வளவு யோசனை ஓடாது. மதினியின் மூளை என்பது ஒவ்வொரு சொல்லிலும் தெரிந்தது. வெங்கடேஸ்வரி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொன்னால், ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும். அந்தப் பதிலை அவள் தனக்கே இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை. சரி என்று சொன்னாலோ, மாரிசாமி ஆயுசுக்கும் அண்ணன். பலகையில் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். அதற்கப்புறம் வேறு மாதிரி நினைத்தால் ஊரே காறித் துப்பும்.

"அவருகிட்டயே கேட்டுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டாள்.

மாரிசாமி முற்றத்தில் மிருதுளாவின் ஷூவுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான்.

"காதுகுத்துக்கு உங்களைத்தான் மடியில வச்சுக்கிடச் சொல்லுதாங்க" என்றாள். தபால்காரன் தகவல் சொல்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

அவன் கை ஒரு நிமிஷம் நின்றது. "யாரு, அண்ணாச்சியா?"

"ஆமா."

"அப்படியா" என்றான். பிறகு மறுபடியும் ஷூவைத் தேய்க்க ஆரம்பித்தான். அவ்வளவுதான். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் எரிந்து விழுந்தாள். லேபில் உதவிக்கு இருந்த பெண்ணைத் திட்டினாள், பஸ் கண்டக்டரைத் திட்டினாள், குருவம்மாளின் குடத்தைத் திட்டினாள். மாரிசாமியை மட்டும் திட்டவில்லை. முகம் கொடுத்துப் பேசினால்தானே திட்ட முடியும்? இந்த ஆளுக்கு மூளை என்று ஒன்று இருந்தால் தெரிந்துகொள்ள மாட்டானா என்று மனசுக்குள் வைதாள். பிள்ளை அழுதால் நிலாவைக்கூடப் பிடுங்கிக் கொடுக்கிறவன். காது குத்தும்போது மிருதுளா வீறிட்டால், ஓடிப்போய்ப் பலகையில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொள்வான். நிச்சயம் உட்கார்ந்துவிடுவான். பொறவு வருஷா வருஷம் பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்து கொடுப்பான், கரும்போடு. நினைக்க நினைக்க அவளுக்குக் கரும்பு மேலேயே வெறுப்பு வந்தது. வாயைத் திறந்து 'உக்காராதீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல முடியவில்லை. ஆம்பளைகளைப் பற்றி இத்தனை வருஷம் பேசிய பேச்சுக்கெல்லாம் அவள் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வாள்?

குலதெய்வக் கோயில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில் ஒரு மாந்தோப்புக்குள் இருந்தது. சங்கரலிங்கம் வேன் பிடித்து ஆட்களைக் கூட்டி வந்திருந்தான். எவ்வளவு பேர் பார்க்கிறார்களோ அவ்வளவுக்கு முறை பலமாகும் என்று மதினி சொல்லியிருப்பாள். அகலக் கரை போட்ட பட்டு வேட்டி கட்டி, இடுப்பு வலி என்ற ஞாபகமே இல்லாமல், அடுப்புக்கும் சாமிக்கும் ஓடிக்கொண்டிருந்தான். நவநீதகிருஷ்ணனையும் அழைத்திருந்தான். அவர் தன் காரை விட்டு இறங்காமல், ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு கண்ணாடி வழியாகச் சாமி கும்பிட்டார்.

மொட்டை அடிக்கும்போது மிருதுளா அழவில்லை. மாரிசாமி எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, "இப்ப நீ யாரு? ஜவான்! ஜவான் அழுவானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஆசாரி டப்பாவைத் திறந்து ஊசியை எடுத்ததும்தான் வந்தது வீறிடல். தோப்பில் இருந்த குரங்குகள் கிளை மாறின.

"மாரி! மாரி!"

மாரிசாமி தூக்கிக்கொண்டான். சந்தனத் தலை அவன் சட்டையில் புதைந்தது. அழுகை விக்கலாகக் குறைந்தது.

சங்கரலிங்கம் தொண்டையைச் செருமினான். எல்லாரும் கேட்க வேண்டும் என்று இரண்டு தரம் செருமினான். "பாத்தீங்களா? பிள்ளை அந்தத் தம்பிகிட்டத்தான் ஒட்டுது. எனக்கு இடுப்பு சரியில்ல. அதனால மாரிசாமித் தம்பிதான் என் எடத்துல உக்காரப் போறாரு. வாங்க தம்பி! இன்னைலருந்து நீங்க எங்க வீட்டுப் பிள்ளை. என் தங்கச்சிக்கு நான் ஒரு அண்ணன், நீங்க ஒரு அண்ணன்!"

மதினி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

மாரிசாமி பிள்ளையோடு பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். வெங்கடேஸ்வரி அவனைப் பார்க்கவில்லை. உடைத்து வைத்திருந்த தேங்காய் மூடிகளைப் பார்த்தாள். உக்காருடா, உக்காந்து தொலை, நீயும் அந்த வரிசையிலதான நிக்கணும் என்று மனசு வைதது. கை மட்டும் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"அண்ணாச்சி, நான் உக்கார மாட்டேன்" என்றான் மாரிசாமி.

"என்ன தம்பி கூச்சம்? நம்ம ஆளுகதான எல்லாரும்."

"கூச்சம் இல்ல. இதுல உக்காந்தா நான் பாப்பாவுக்குத் தாய்மாமன் ஆயிருவேன்."

"அதுக்குத்தான உக்காரச் சொல்லுதேன்?"

"பாப்பாவுக்குத் தாய்மாமன்னா அவங்களுக்கு அண்ணன். அது எனக்கு வேண்டாம்." அவன் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டான். "வேற ஏதாவது முறையில உக்கார எடம் இருந்தாச் சொல்லுங்க. இப்பவே உக்காருதேன்."

அடுப்படியில் கிண்டிக்கொண்டிருந்தவன் கரண்டியோடு எழுந்து வந்து எட்டிப் பார்த்தான்.

மதினிதான் முதலில் மீண்டாள். "ஏட்டி வெங்கடேசு! இவன் என்ன சொல்லுதான்னு புரியுதா உனக்கு?"

"நல்ல தமிழ்லதான மதினி சொல்லுதாரு. ஹிந்தியிலயா சொன்னாரு?" என்றாள் வெங்கடேஸ்வரி. காது மடல் இரண்டும் சுட்டன. குரலை மட்டும் விடவில்லை.

"யாராவது ஒருத்தர் உக்காருங்கய்யா!" என்றார் ஆசாரி. "எனக்கு அடுத்து வத்திராயிருப்புல நாலு காது காத்துக் கிடக்கு."

கூட்டத்தில் இருந்த வெள்ளத்தாய் சித்தி கையை நீட்டினாள். "சொந்தத் தாய்மாமன் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கும்போது ஊரானை எதுக்குய்யா கூப்பிடுதீங்க? காலையிலருந்து அண்டாவையே ஒத்தையாத் தூக்குதான். இவனுக்கா இடுப்பு வலி? உக்காருலே சங்கரலிங்கம்!"

"ஆமா, உக்காரு மாமா" என்று நாலு பக்கமும் சத்தம் வந்தது. சங்கரலிங்கம் மதினியைப் பார்த்தான். மதினி இப்படி ஒன்று நடக்கும் என்று யோசித்து வைத்திருக்கவில்லை. அதனால் அவனுக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

மாரிசாமி பிள்ளையை அவன் மடியில் வைத்து, தான் எதிரே மண்டியிட்டு, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "என்னையப் பாரு. என் மூக்கைப் பாரு. அது ஆடுதா இல்லையா?" மூக்கை ஆட்டினான். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். மிருதுளா வாயைத் திறந்து, சத்தம் வருவதற்குள் மறு காதும் முடிந்தது. பயத்தில் அவள் சங்கரலிங்கத்தின் பட்டு வேட்டியை, அகலக் கரை உட்பட, முழுசாக நனைத்துவிட்டாள்.

"தாய்மாமனுக்குக் கொடுத்து வச்சிருக்கணும்!" என்று வெள்ளத்தாய் சித்தி குலவை போட்டாள். நவநீதகிருஷ்ணனின் கார் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது.

சாப்பாட்டுப் பந்திக்கு ஆள் உட்காரும்போது, மாமரத்துக்குப் பின்னால் மாரிசாமி பிள்ளையின் காதில் மஞ்சள் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான். வெங்கடேஸ்வரி போய் நின்றாள்.

"ஒரு வாரமா வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"நீங்க கேக்கலையே."

"சொன்னேன்ல, மடியில வச்சுக்கிடச் சொல்லுதாங்கன்னு?"

"சொல்லுதாங்கன்னுதான் சொன்னீங்க. நீங்க என்ன சொல்லுதீங்கன்னு சொல்லலையே. நீங்களே உக்காருங்கன்னு சொல்லிருவீங்களோன்னு பயம். அதான் நானும் கேக்கல." காதில் ஊதினான். "நீங்க சொல்லியிருந்தா உக்காந்திருப்பேனோ என்னமோ."

"மக்கு" என்றாள்.

"ஆமா" என்றான். "பதிலு?"

"எல்லாத்துக்கும் நின்ன எடத்துல பதில் கேக்கக் கூடாது. இது என்ன பட்டாளமா?"

வேன் அவர்களை ஏற்றாமலே போய்விட்டது. மதினியின் வேலை. ஆட்டோ பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினார்கள். இதுவரைக்கும் எத்தனையோ தடவை மூன்று பேரும் இப்படிப் போயிருக்கிறார்கள். அவள் முன்னால் பொம்பளைகள் பக்கம் உட்காருவாள். அவன் பின்னால் ஆம்பளைகளோடு நிற்பான். பிள்ளை எந்தப் பக்கம் தூக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் போகும். ஒரு ஆணும் பெண்ணும் ஒரே சீட்டில் உட்கார்ந்தால், அதற்கு என்ன அர்த்தம் என்று இந்தப் பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும்.

வெங்கடேஸ்வரி இரண்டு பேர் சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, பக்கத்தில் கைப்பையை வைத்தாள். ஒரு கிழவர் வந்து பையைப் பார்த்தார். "ஆள் வருது" என்றாள். மாரிசாமி தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, வழக்கம் போலத் தாண்டிப் பின்னால் போகப் பார்த்தான்.

அவள் பையை எடுத்து மடியில் வைத்தாள். "அங்கதான் உக்கார மாட்டேன்னீங்க. இங்கயும் மாட்டீங்களா?"

மாரிசாமி நின்றான். சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பஸ்ஸில் இருந்தவர்களைப் பார்த்தான். இரண்டு சீட்டுக்கு முன்னால் குருவம்மாளின் தங்கச்சி ஒருத்தி கழுத்தை முழுசாகத் திருப்பி வைத்திருந்தாள். அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்தது சீட்டின் நுனியில், பாதி உடம்பு வழியில் தொங்க.

"பாதி சீட்டுக்குத்தான் டிக்கெட் எடுத்தீங்களா? நல்லா நகந்து உக்காருங்க. பிள்ளைக்குத் தலை இடிக்கும்."

நகர்ந்து உட்கார்ந்தான். பஸ் கிளம்பியது. ஜன்னலைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்.

"திரும்பிப் பாக்காங்க எல்லாரும். பாக்கட்டும். வேற வேலை இல்லாததுக."